நேற்றைய வழங்கல் நாற்பது

வைகுண்டமணி தன் போனை உலகம்மாளின் மூக்குக்கு நேராக நீட்டி, "பாத்தியளா மேடம், நம்ம லைப்ரரி எனக்கு லெட்டர் போட்டிருக்கு!" என்று சிரித்தபோது மணி ஒன்பதரை. பாவம், அந்த மனுஷனுக்கு என்ன தெரியும். முப்பத்தைந்து வருஷம் ஊராருக்குத் தபால் கொண்டு கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர், தன் பெயருக்கும் ஒன்று வந்துவிட்டதில் அத்தனை சந்தோஷம். உலகம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். அன்புள்ள வாசகர் திரு. வைகுண்டமணி, தாங்கள் பெற்றுள்ள நூலை இம்மாதம் இருபத்தாறாம் தேதிக்குள் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறோம், அதற்குக் கீழே புத்தகத்தின் பெயர், அதற்கும் கீழே நூலகர், கிளை நூலகம், மேலப்பாறைக்குளம். நூலகர் என்றால் அவள்தான். அவள் எழுதாத கடிதத்தில் அவள் கையெழுத்து. "எடுத்த தேதி போடல, குடுக்க வேண்டிய தேதிய மட்டும் கறாரா போட்டிருக்கு," என்றார் வைகுண்டமணி. "காலையில சரியா ஏழு மணிக்கு வந்துச்சு. புஸ்தகம் எடுத்த எல்லாருக்கும் வரும் போலுக்கு." ஆமா, வரும் என்று அவள் வாய் சொல்லியது. அவர் பேப்பர் மேஜைக்குப் போய்விட்டார். எல்லாருக்கும். அந்தச் சொல்லில் அவள் மனசு மாட்டிக்கொண்டது. எல்லாருக்கும் என்றால் நேற்றுப் புதுக் கம்ப்யூட்டரில் புத்தகம் எடுத்ததாக ஏறிய நாற்பது பேருக்கும். நாற்பதில் இருபத்து மூன்று பேர் உயிரோடு நடமாடுகிறவர்கள். மிச்சம் பதினேழு பேர் செத்துப் போனவர்கள். அந்தப் பதினேழு பேருக்கும் நேற்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து, அவளே அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

இதைக் கேட்டுப் பதறுகிறவர்கள் ஒரு கிளை நூலகத்தில் ஒரு மாசம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது புத்தகமாவது வழங்கியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மூன்று மாசம் சேர்ந்தாற்போல் நாற்பதுக்குக் கீழே போனால் கிளையை ஊர்ப்புற நூலகமாக இறக்கிவிடுவார்கள், நூலகர் வேலையே போய்விடும், தினமும் மூன்று மணி நேரம் திறந்து மூட ஒருத்தரைப் போட்டால் போதும் என்பார்கள். அப்படி இறக்கப்பட்ட ஒரு கிளையின் பெயரை மாவட்டக் கூட்டத்தில் வாசித்தபோது, அதன் நூலகர் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உலகம்மாள் பார்த்திருக்கிறாள். டீ இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரிதான் காதைக் கடித்தாள். என்னக்கா இது, நீங்க மட்டும் என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா, எல்லாரும் ஒப்பேத்துறதுதானே. சரி என்று உலகம்மாளும் முதலில் உயிரோடிருப்பவர்கள் பெயரில்தான் ஆரம்பித்தாள். ரெண்டாவது வாரமே ஒருத்தர் வந்து, மேடம் நான் எடுக்காத புஸ்தகம் என் கார்டுல எப்படி வந்துச்சு என்று சண்டைக்கு நின்றுவிட்டார். அன்றைக்குத்தான் புத்தி வந்தது. செத்தவர்கள் வந்து கேட்க மாட்டார்கள். உறுப்பினர் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏற வேண்டுமே ஒழிய இறங்கக் கூடாது என்பதால் யார் செத்தாலும் பெயரை அடிப்பதில்லை, அதுவும் எல்லாக் கிளையிலும் நடப்பதுதான். ஆக மரப்பெட்டியில் அவர்கள் கார்டுகள் பத்திரமாக இருந்தன. சாயங்காலம் நாற்பதுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை கார்டை உருவி, எழுதி, தேதி முத்திரை குத்தி, மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்ததாக அடித்துவிடுவாள். ஆறு வருஷம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாசம், கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும் என்றிருந்தாள்.

இல்லை, ஜெசிந்தாவுக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரியும். மாவட்ட மைய நூலகத்திலிருந்து கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றுவதற்காக வந்து மூன்று வாரம் இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாளே, நாற்பது வயசு, கழுத்தில் அடையாள அட்டை, எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பையே உலகம்மாள் நம்பவில்லை. "அக்கா, போன் நம்பர் இல்லாம சேவ் ஆகாது, எல்லாருக்கும் நம்பர் வேணும்," என்றாளே, ஏன் வேணும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? முட்டாள், முட்டாள். பழைய விண்ணப்பப் படிவக் கட்டைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, தும்மித் தும்மி, ஒவ்வொரு செத்தவருக்கும் போன் நம்பரைத் தேடி எடுத்து அவளே வாசித்துக் கொடுத்தாள். ஒன்பது, நாலு, நாலு என்று நிறுத்தி நிதானமாக வேறு. ஒரு நாள் ஜெசிந்தா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஆவுடையப்பன், சர்வேயர். இவரு ரெகுலரா வர்றாராக்கா?" என்று கேட்டாள். ஏன் அவரைப் பற்றி மட்டும் கேட்டாள்? "வருவாரு," என்று உலகம்மாள் சொன்னாள், கொஞ்சங்கூட நாக்கு குழறவில்லை. அன்றைக்கு மத்தியானம்தான் அந்த மீன்குழம்பு. எங்க வீட்டுல நேத்து நெத்திலி வாங்குனோம், உங்களுக்குன்னு கொண்டாந்தேன் என்று தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தாள். யார் யாருக்குச் சும்மா குழம்பு கொண்டு வருகிறார்கள் இந்தக் காலத்தில்? தின்றுவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டு, இன்னும் என்னவெல்லாம் உளறினோமோ! நேற்று காலையில் போகும்போதுகூட, "இனிமே எல்லாம் தானா நடக்கும்க்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்," என்றாள். தானா நடக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். செய்தி போகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயா தேய்ந்துவிடும்? சொல்லவில்லை என்றால் மறந்துவிட்டாள் என்று அர்த்தமா, வேண்டுமென்றே விட்டாள் என்று அர்த்தமா?

வெளியே ஒரு பைக் நின்றது. உலகம்மாள் வாசலைப் பார்த்தாள். வந்தது பரீட்சைக்குப் படிக்கிற பெண், தோளில் பையோடு நேராக ஜன்னலோரம் போய் சார்ஜரைச் சொருகிவிட்டு, "மேடம், வைஃபை பாஸ்வேர்டு மாத்திட்டாங்களா?" என்றாள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், சொந்தமாகப் புத்தகம் கொண்டு வருவார்கள், சொந்தமாகத் தண்ணீர் கொண்டு வருவார்கள், நூலகத்தில் அவர்களுக்கு வேண்டியது மின்விசிறியும் பிளக் பாயிண்டும். அவர்களை வழங்கல் கணக்கில் சேர்க்க முடியாது. சேர்க்க முடிந்தால் அவள் ஏன் செத்தவர்களிடம் போகப் போகிறாள். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு அவள் பதினேழு வீடுகளையும் மனசில் தெருத்தெருவாகச் சுற்றி வந்தாள். லூர்து வாத்தியார் போன் மகளிடம் இருக்கும், மகள் சென்னையில், வர மாட்டாள், ஆனால் அவள் வக்கீல். தையல்காரர் மைதீன் பிச்சை வீட்டில் மூன்று பையன்கள், ஒரு பெண், பையன்களில் ஒருத்தனுக்கு எப்போதும் கோபம் மூக்கின் நுனியில். தங்கபுஷ்பம் டீச்சரின் நம்பரை யாரும் வைத்திருக்க மாட்டார்கள், கம்பெனிக்காரன் வேறு யாருக்காவது கொடுத்திருப்பான், அந்த யாரோ ஒருத்தன் இதைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பான், அது ஒன்று பிழைத்தது. எத்தனை நம்பர் அப்படிச் செத்திருக்கும், அஞ்சு? ஆறு? ஆறு என்றே வைத்தாலும் பதினொரு வீடு பாக்கி. ஒரே ஒரு வீடு போதுமே. செத்தவர் பெயரில் நூலகத்தில் மோசடி என்று ஒருத்தன் பேப்பர்காரனிடம் சொன்னால் போதும். பதினேழு-பி விதிப்படி ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பார்கள், விசாரணை முடிகிற வரைக்கும் ஓய்வு பெற விடமாட்டார்கள், கடைசி நாள் சாயங்காலம் சஸ்பெண்ட் ஆர்டரைக் கையில் கொடுத்து அனுப்பிய கதை எத்தனை கேட்டிருக்கிறாள். மாலை இல்லை, சால்வை இல்லை, திருட்டுப் பூனை மாதிரி வீட்டுக்குப் போக வேண்டும். மூலையில் போன மாசம் வைத்த கேமராவை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். இன்னும் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். சொன்னது யார், ஜெசிந்தாதானே.

அவள் கண்டபடி கொடுக்கவில்லை, அதை யாராவது கேட்பார்களா? யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பதினேழு புத்தகத்தை உருவிப் போட்டிருந்தாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் அவளால் அப்படி முடிந்ததில்லை. லூர்து வாத்தியாருக்கு வரலாறு, அதுவும் கட்டி அட்டை போட்டதுதான், மெல்லிசு புத்தகத்தை அவர் கையாலேயே தொட மாட்டார். தங்கபுஷ்பம் டீச்சருக்கு நாவல், கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள் என்பதால் உலகம்மாளும் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். கிறுக்கு என்று அவளே தன்னைச் சொல்லிக்கொள்வாள். ஆனாலும் ஒரு நாளின் கடைசிப் பத்து நிமிஷம் நல்ல வாசகர்களோடு போகிறதே என்று ஒரு திருப்தி. உயிரோடிருப்பவர்களில் அந்த மாதிரி யார் இருக்கிறார்கள், வைகுண்டமணியும் இன்னும் நாலு பேரும். ஆவுடையப்பனுக்கு எப்போதும் பயணப் புத்தகம்தான் கொடுப்பாள். நிலம் அளந்து அளந்து இந்தத் தாலுகாவைத் தாண்டாத மனுஷன், காசிக்கும் ரஷ்யாவுக்கும் புத்தகத்திலேயே போய்வந்தார். நேற்று மட்டும் புது ஸ்கேன் கருவியைக் கையில் பிடித்து அதன் சிவப்பு வெளிச்சத்தைப் புத்தகத்து முதுகில் காட்டுவதற்குள் வியர்த்துவிட்டது, டிக் என்றால் ஏறியதா ஏறவில்லையா என்று தெரியவில்லை, தேடிப் போக நேரமில்லாமல் கைக்கு எட்டின அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். தேனீ வளர்ப்பு. போயும் போயும் ஆவுடையப்பனுக்குத் தேனீ வளர்ப்பு. இருக்கிற கலவரத்தில் இதற்கு வேறு அவளுக்கு வருத்தமாக இருந்தது.

மேஜை மேலிருந்த அவள் போன் அதிர்ந்தது. ஜெசிந்தா. எடுக்கலாமா, எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள், எடுத்தால் குரலில் தெரிந்துவிடும். ஏழாவது மணியில் எடுத்தாள். "அக்கா! எப்படிக்கா?" என்றாள் ஜெசிந்தா, எடுத்த எடுப்பிலேயே. "என்னம்மா எப்படி?" என்றாள் உலகம்மாள். "நேத்து முத நாளு. எல்லாக் கிளையிலயும் எட்டு, பத்து, அதிகம் போனா பதினாலு. நீங்க மட்டும் நாப்பது! மாவட்ட நூலக அலுவலர் சார் என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனக் காட்டுறாரு, இது நெசமாம்மான்னு கேக்காரு." எட்டு, பத்து, பதினாலு. உலகம்மாளுக்கு அந்த மூன்று எண்ணும் நெஞ்சில் ஒவ்வொன்றாக இறங்கின. அடப் பாவிகளா, அத்தனை பேரும் நிறுத்திவிட்டார்கள். மெஷின் வந்த அன்றைக்கே, ஒருத்தருக்கொருத்தர் சொல்லி வைத்தாற்போல், எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உண்மையைப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா என்று கேட்டவளும்தான். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் நாற்பது ஆக்க வேண்டும் என்று பழகிய கையோடு இவள் ஒருத்திதான் உட்கார்ந்து டிக் டிக் என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். "அக்கா, இருக்கீங்களா? சார் என்ன சொல்றாருன்னா, நாளைக்கு வெள்ளிக்கிழமை லீவு, சனிக்கிழமை அவரே உங்க கிளைக்கு வர்றாராம். பாராட்டுக் கடிதம் கையில குடுக்கணுமாம். நேத்துப் புத்தகம் எடுத்த வாசகர்ல ஒரு பத்துப் பேரை வரச் சொல்லி வையுங்க, போட்டோ எடுக்கணும்." பத்துப் பேரா என்று கேட்டாள் உலகம்மாள். "ஆமாக்கா, லிஸ்ட் எங்கிட்டயே இருக்கு, நான் வேணா தேர்ந்தெடுத்துச் சொல்லட்டுமா?" என்றாள் ஜெசிந்தா, சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

லிஸ்ட் எங்கிட்டயே இருக்கு. நான் வேணா தேர்ந்தெடுத்துச் சொல்லட்டுமா. இது பொறிதான், சந்தேகமே இல்லை. பாராட்டு என்று சொல்லி வரவழைத்து, எங்கம்மா அந்த ஆவுடையப்பன், முன்னால வரச் சொல்லுங்க என்று கேட்கப் போகிறார்கள். இல்லாவிட்டால் அந்த அதிகாரி நிஜமாகவே அப்பாவியாக இருக்கலாம், சால்வையோடு வரலாம், அது இன்னும் கேவலம். உலகம்மாள் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டாள். நேற்றைய பதிவுகள், ரத்து செய், அழுத்தினாள். மேலதிகாரியின் அனுமதி தேவை என்று வந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அதேதான், மரியாதையாக, கோபமே இல்லாமல். நோட்டுப் புத்தகமாக இருந்தால் பக்கத்தையே கிழித்திருக்கலாம், மை கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், கரையான் அரித்தது என்றுகூட ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், நம்பினார்கள். சரி, பதினேழு புத்தகமும் திரும்பி வந்துவிட்டதாகக் காட்டிவிடலாம், புத்தகங்கள் அலமாரியில்தானே இருக்கின்றன என்று எழுந்து நாலு எட்டு வைத்தவள் அப்படியே நின்றாள். திருப்பிக் கொடுத்தாலும் செய்தி போகுமோ? போகும், போகாமல் இருக்குமா, அன்புள்ள வாசகருக்கு நன்றி என்று நாளைக் காலை ஏழு மணிக்குப் போய் விழும். புதன்கிழமை எடுத்து வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள், செத்தவர்களில் இத்தனை ஒழுங்கானவர்களா! அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது. வைகுண்டமணி பேப்பருக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவர் ஏன் பார்க்கிறார், முப்பத்தைந்து வருஷம் தெருத்தெருவாக நடந்தவருக்கு யார் யார் செத்துப் போனார்கள் என்று தெரியாதா என்ன. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதவள்போல் ரப்பர் முத்திரைகளை வரிசையாக அடுக்கினாள்.

பதினொன்றேகாலுக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நூலகத்துக்குப் பழகியவர்கள் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். உலகம்மாள் நிமிர்ந்தாள். வெள்ளைப் பூப்போட்ட சேலை, அறுபத்தைந்து வயசிருக்கும், கையில் ஒரு துணிப்பை, முகத்தில் வியர்வை, முந்தானையில் ஒட்டடை. "நான் ஆவுடையப்பன் வீட்டுல இருந்து வாரேன்," என்றாள் அந்த அம்மாள். "அவிய சம்சாரம். சங்கரவடிவு." உலகம்மாளின் கண் தன்னையறியாமல் அவளுக்குப் பின்னால் வாசலுக்குப் போனது. யாரும் இல்லை. யாரும் இல்லாமல் தனியாகவா வந்திருக்கிறாள், தெருமுனையில் யாராவது நிற்கிறார்களா, பைக்குள் போன் ஓடிக்கொண்டிருக்கிறதா, பேசுவதை எல்லாம் பதிவு செய்கிறார்களாமே இப்போது. "உட்காருங்கம்மா," என்றாள். சங்கரவடிவு உட்காரவில்லை. இரண்டு கையையும் கூப்பினாள். "மன்னிச்சிருங்க தாயி," என்றாள்.

எதற்கு மன்னிப்பு, இது என்ன புது வழி என்று உலகம்மாள் அவள் பையையே பார்த்தாள். பேசினால் மாட்டிக்கொள்வோம். "காலம்பற அவிய போனுல செய்தி வந்துச்சு, பேத்திதான் வாசிச்சுச் சொன்னா. லைப்ரரி புஸ்தகம் ஒண்ணு அவிய கையில இருக்காம், திருப்பிக் குடுக்கணுமாம், தேனீ வளர்ப்புன்னு பேராம். அவிய போயி ஆறு வருசம் ஆச்சு. இத்தன நாளு புஸ்தகத்தக் குடுக்காம வச்சிருந்தா நீங்க என்ன நினைப்பிய? வீடு பூராத் தேடிட்டேன். பரண்ல ஏறிப் பாத்தாச்சு, அரிசிப் பானைக்குப் பின்னால பாத்தாச்சு. அவிய பெட்டிய நான் தொறந்ததே கிடையாது, அவிய போன அன்னிக்குப் பூட்டுனது. அதையும் இன்னிக்கு உடைச்சிட்டேன். அளக்குற சங்கிலி இருக்கு, பழைய வரைபடம் இருக்கு, சட்டை இருக்கு. புஸ்தகம் மட்டும் இல்ல." சொல்லச் சொல்ல அவள் துணிப்பையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள், ரஷ்யாவுக்கோ எங்கேயோ போய்வந்த பயணப் புத்தகம், முதல் பக்கத்தில் ஆவுடையப்பன் என்று கோடு போட்டாற்போல் நேர்த்தியான கையெழுத்து. "தொலைச்சதுக்குப் பதிலா வேற புஸ்தகம் குடுத்தா ஏத்துக்கிடுவாங்கன்னு பேத்தி சொன்னா. இது அவிய சொந்தப் புஸ்தகம். இத வச்சுக்கிட்டு அவிய பேர அடிச்சிருங்க. கடன்காரராப் போக வேண்டாம்."

கம்ப்யூட்டர் தப்பும்மா. அந்த வாக்கியம் உலகம்மாளின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. எல்லா அலுவலகத்திலும் எல்லாரும் சொல்வதுதான், யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள், மெஷினுக்கு என்ன வாயா இருக்கிறது. சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம், சனிக்கிழமையைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். "அம்மா, இது கம்ப்..." என்று அவள் தொடங்கும்போதே சங்கரவடிவு தலையை ஆட்டினாள். "கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு எனக்கும் தெரியும் தாயி. மனுசன்தான் மறப்பான். அதான் எனக்கு ஆத்திரம் தாங்கல. காலையிலேருந்து ஏசித் தீத்துட்டேன் அவியள. பெட்டிய உடைக்கையில படத்தப் பாத்துச் சொல்லுதேன், செத்தும் என்னைய தலைகுனிய வச்சுட்டியரே, ஒரு புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்க வக்கில்லையா, நீரெல்லாம் என்ன மனுசன்னு. நாப்பது வருசத்துல ஒரு நாளும் அவியள அப்படிப் பேசுனதில்ல." பேப்பர் மேஜையில் வைகுண்டமணி பக்கம் புரட்டுவதை நிறுத்தியிருந்தார். பரீட்சைக்காரப் பெண் காதிலிருந்து ஒயரைக் கழற்றியிருந்தாள். உலகம்மாள் அந்தப் புத்தகத்தை எடுத்துச் சங்கரவடிவின் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க வீட்டுக்காரர் எந்தப் புத்தகமும் தர வேண்டியதில்லம்மா," என்றாள். "உயிரோட இருக்கும்போது ஒரு நாள்கூடத் தேதி தாண்டி அவர் குடுத்ததில்ல. அவர் பேர்ல எடுத்தது நான். நேத்து எடுத்தேன். ஆறு வருஷமா எடுக்கிறேன். கணக்கு குறையுதுன்னு செத்தவங்க பேர்ல எழுதினேன். அந்தத் தேனீ புத்தகம் இதோ, அந்த அலமாரியில இருக்கு." சங்கரவடிவு அலமாரியைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், கடைசியில் உலகம்மாளைப் பார்த்தாள். திட்டுவாள், கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று உலகம்மாள் காத்திருந்தாள், அது வந்தால் தேவலை என்றிருந்தது. "அப்ப அவிய மேல தப்பில்லையா," என்றாள் சங்கரவடிவு, ரொம்ப மெதுவாக. இல்லம்மா என்றாள் உலகம்மாள். "சும்மா இருந்த மனுசனையா நான் காலையிலேருந்து ஏசிட்டிருக்கேன்." அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் கிழிந்த அட்டையை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தாள். உலகம்மாள் கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. "இதே மாதிரி எத்தன பேருக்குப் போயிருக்கு?" என்று கேட்டாள். பதினேழு என்றாள் உலகம்மாள். சங்கரவடிவு எழுந்தாள், புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

பதினேழு. காலையிலிருந்து அந்த எண்ணை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாள், யார் வருவார்கள், யார் கத்துவார்கள், யார் எழுதிப் போடுவார்கள் என்று தெருத்தெருவாகச் சுற்றினாளே, ஒரு தடவையாவது அந்த வீடுகளுக்கு உள்ளே எட்டிப் பார்த்தாளா? எல்லாரும் தன்னைப் பிடிக்கத்தான் கிளம்பியிருக்கிறார்கள் என்று இருந்துவிட்டாள். தன்னை யாரும் நினைக்கக்கூட இல்லை. வைகுண்டமணி எழுந்து வந்து மேஜைக்கு முன்னால் நின்றார், அவரையும் இவ்வளவு நேரம் சந்தேகப்பட்டோமே என்று அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "லூர்து வாத்தியார் மக நம்பர் எங்கிட்ட இருக்கு, அவளுக்குச் சொல்லிரலாம்," என்றார், அவ்வளவுதான் சொன்னார். உலகம்மாள் போனைக் கையில் எடுத்தாள். பேசினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், சனிக்கிழமை சால்வையோடு வருகிறவருக்கும் தெரிந்துவிடும், பதினொரு மாசம் போய்விடும், கிளையும் போய்விடும். கம்ப்யூட்டரில் பெயர்ப் பட்டியலைத் திறந்து மைதீன் பிச்சையின் நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பெண் குரல், மூச்சு வாங்கியது, பின்னால் பீரோவோ கட்டிலோ எதையோ தரையில் இழுக்கிற சத்தம். "நான் லைப்ரரியில இருந்து பேசுறேன்," என்றாள் உலகம்மாள். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை அந்தக் குரல்.

"தேடிட்டேதான்மா இருக்கோம். இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க. எங்க வாப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லம்மா."